ஜெசிந்தாவின் ஞாயிற்றுக்கிழமைகள்

"எந்திரிச்சிட்டாங்க" என்றான் குழந்தைவேல்.

கேட்பதற்கு அறையில் யாரும் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு காலையிலும் அதை வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் அவனுக்கு அன்றைய நாள் தொடங்கும். திரையில் பச்சைக் கோடு ஒன்று சற்று மேலேறி, இறங்கி, மறுபடி சமமாயிற்று. பூமியிலிருந்து பல கோடி கிலோமீட்டர் தள்ளி, நாரை என்கிற சின்ன விண்கலத்துக்குள் ஜெசிந்தா தன் தூக்கப் பையை விட்டு வெளியே வந்து எதிர்ச்சுவரை நோக்கி மிதந்து போகிறாள் என்று அதற்குப் பொருள்.

அவன் எழுந்து கெட்டிலில் தண்ணீர் வைத்தான். அவளும் இந்நேரம் ஏதாவது குடிப்பாள்.

வெள்ளிக் கோளைச் சுற்றிவிட்டுத் திரும்பும் வழியில் நாரையின் தகவல் தொடர்புப் பெட்டி எரிந்துபோனது. அதன்பின் அவள் பேசுவது நமக்குக் கேட்பதில்லை. நாம் பேசுவது அவளுக்குக் கேட்பதில்லை. தனியாக ஒரு மூலையில் இருந்த சிறிய கருவி மட்டும் தப்பித்து, ஒரே சுருதியில் ஒரு சமிக்ஞையை அனுப்பிக்கொண்டிருந்தது. சொல் இல்லாத ஒரு நீண்ட ஓசை. சூரியனை ஒட்டியே கலம் வந்ததால் அந்த ஓசையும் பகலில் மட்டும்தான் கிடைக்கும். அதைப் பிடித்துக்கொண்டு கலம் எங்கே இருக்கிறது என்று கணிக்கும் வேலை, கோயம்புத்தூரில் இந்தப் பல்கலைக்கழகத்தின் மூன்றாவது மாடியில் இருந்த வழிக்கணிப்பு ஆய்வுக் குழுவுக்கு வந்து சேர்ந்தது. குழு என்றால் பேராசிரியர் ஹேமலதா, குழந்தைவேல், அண்மையில் ஆய்வு மாணவியாகச் சேர்ந்த நஸ்ரின். ஜெசிந்தா விண்வெளிக்குத் தேர்வாகிப் போகும்வரை மூன்றாவது ஆள் அவள்தான். ஜன்னலோரம் அவளுடைய நாற்காலி இன்னும் கிடந்தது. அதன்மேல் பழுதான கீபோர்டுகளை அடுக்கியிருந்தார்கள்.

வந்த புதிதில் நஸ்ரின் கேட்டாள்: "வெறும் 'கூ'ன்னு ஒரு சத்தம். இதுல அவங்க நடமாடறது எப்படி சார் தெரியும்?"

"பவானில பரிசல் ஏறியிருக்கியாம்மா?"

"இல்லைங்க சார். ஊட்டில பெடல் போட் போயிருக்கேன்."

"அது போதும். போட்டுல நீ முன்னால நகந்தா போட்டு பின்னால போகுமல்லொ? அவங்க ஒரு சுவத்த உதைச்சுட்டு இன்னொரு சுவத்துக்குப் போனா, கப்பல் எதுத்தாப்புல துளி நகரும். நகந்தா இங்க வர்ற சத்தத்தோட சுருதி துளி மாறும். ரயில் நம்மளத் தாண்டறப்ப ஹாரன் மாறுதில்ல, அந்தக் கதைதான்."

"துளின்னா எவ்வளவு சார்?"

"எறும்பு ஊர்ற வேகம்."

"அங்க எறும்பு ஊர்றது இங்க தெரியுதா!"

"அதுக்குத்தான சம்பளம் தர்றாங்க."

அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான். அந்த அறையில் யாரோ சிரித்து வெகுநாளாகியிருந்தது என்பது இருவருக்குமே அந்தச் சத்தத்தில் தெரிந்தது.

கலத்தின் இடத்தைச் சரியாகக் கணிக்க வேண்டுமென்றால் அந்த எறும்பு அசைவைக் கழிக்க வேண்டும். அதாவது, நாரையைக் கண்டுபிடிக்க ஜெசிந்தாவை அதிலிருந்து எடுத்துவிட வேண்டும். அதற்காகக் குழந்தைவேல் கணினிக்குள் ஒரு ஜெசிந்தாவை உருவாக்கினான். அவள் எப்போது எழுவாள், எப்போது உடற்பயிற்சி செய்வாள், எப்போது அசையாமல் இருப்பாள் என்று அது முன்கூட்டிச் சொல்லும். வருகிற அளவு அந்தக் கணிப்போடு ஏறக்குறைய ஒத்துப்போனால், அளவுகளை வடிகட்டும் ஃபில்டர் என்ற நிரல் அதை ஏற்றுக்கொண்டு தன்னைத் திருத்திக்கொள்ளும். ரொம்ப விலகி இருந்தால் பழுதான அளவு என்று வாசலிலேயே தடுத்து, 'குப்பை' என்ற கோப்பில் தள்ளிவிடும். அந்த வாசலை அவர்கள் கேட் என்பார்கள்.

ஜெசிந்தா இங்கே இருந்த காலத்தில் திங்கட்கிழமை தவறாமல் அந்தக் குப்பையைத் திறந்து பார்ப்பாள். கேன்டீனிலிருந்து மூன்று டீயும் வடையும் வரவழைத்து, எல்லோரையும் உட்கார வைத்துவிடுவாள். "தூக்கிப் போடுங்க, வேண்டாங்கல. என்னத்தத் தூக்கிப் போட்டோம்னு பாத்துட்டுத் தூக்கிப் போடுங்க" என்பாள், தூத்துக்குடிக்காரியின் அந்த இழுப்போடு. அவள் போன பிறகு சில திங்கட்கிழமைகள் அது தொடர்ந்தது. அப்புறம் டீ மட்டும் வந்தது. அப்புறம் அதுவும் இல்லை.

ஒன்பது வருடம் அவளும் குழந்தைவேலும் ஒரே அறையில் இருந்தார்கள். சில நாட்கள் இருவருக்கும் இடையே நான்கு வார்த்தைப் பேச்சுகூட நடந்திருக்காது. அது மனத்தாங்கல் இல்லை. ஒருவர் மௌனம் மற்றவருக்கு இடைஞ்சலாக இல்லாத ஒரு பழக்கம். அவன் மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது மட்டும் அவள் திரும்பிப் பார்க்காமலே சொல்வாள்: "மணி பன்னெண்டே முக்கால்."

"வாட்ச் பாத்தீங்களா?"

"எதுக்கு? டப்பா சத்தம் கேட்டுச்சில்லா. வேலு, உங்களுக்கு ஃபில்டரே வேண்டாம். ஒரு வாரம் பாத்தா ஆயுசுக்கும் சொல்லிரலாம்."

அவள் கிளம்பிப் போன அன்று பெரிதாக எதுவும் பேசிக்கொள்ளவில்லை. "வர்றேன், வேலு" என்றாள். "சரிங்க" என்றான். வேறென்ன சொல்லியிருக்கலாம் என்று அவன் பின்னால் நிறைய யோசித்திருக்கிறான். எதுவும் கிடைத்ததில்லை.

டிசம்பர் தொடக்கத்தில் ஒரு பகலில் ஹேமலதா கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார். வழக்கமாகத் தட்டுவார்.

"பெங்களூர் விண்வெளி மையத்துல இருந்து போன் வந்துச்சு வேலு. ஆள் அனுப்பறாங்க. ரெண்டு பேர். வழியிலயே நாரையச் சந்திச்சு அவளக் கூட்டிட்டு வர்றதுக்கு."

குழந்தைவேல் எழுந்து நின்றான்.

"உக்காருங்க. ரெண்டு கேள்வி கேக்கறாங்க. கப்பல் எங்க இருக்குது? அவ உசுரோட இருக்காளா? ரெண்டாவதுக்கு இல்லேன்னு பதில் வந்தா முதல் கேள்விக்கு வேலையே இல்ல. போற ரெண்டு பேருக்கும் சின்னச் சின்னக் குழந்தைங்க. ஆளில்லாத வெறும் கூட்ட எடுத்துட்டு வர அவங்கள அனுப்ப மாட்டாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள நான் கையெழுத்துப் போட்டுத் தரணும்."

"இருக்காங்க மேடம். இன்னைக்குக் காலைலகூட எந்திரிச்சாங்க."

"நிச்சயமாங்களா?"

"தினமும் பாக்கறேன் மேடம்."

ஹேமலதா அவன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்ப அறிக்கை எழுதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை, அவன் அறிக்கை எழுதிக்கொண்டிருந்தபோது நஸ்ரின் தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கையில் மடிக்கணினி. அதைத் திறக்காமல் மூடியின் மேல் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

"சார், கோவிச்சுக்க மாட்டீங்கன்னா ஒண்ணு கேக்கறேன்."

"கேளும்மா."

"ஜெசிந்தா மேடம் ஞாயித்துக்கிழமை மட்டும் ரெண்டு மணி நேரம் லேட்டா எந்திரிக்கறாங்க. அங்க ஏதுங்க சார் ஞாயித்துக்கிழமை?"

அவன் புன்னகைத்தான். "மனுசங்களுக்குப் பழக்கம்னு ஒண்ணு இருக்குதல்லொ."

"அதான் நானும் நினைச்சேன். அப்புறம் ஆயுத பூஜை அன்னைக்குப் பாத்தேன். மத்தியானம் வரைக்கும் மேடம் அசையவே இல்ல. நீங்க அன்னைக்கு ஊருக்கு, கோபிக்குப் போயிட்டு மத்தியானம்தான் வந்தீங்க."

அவன் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினான்.

"உங்களுக்குக் காய்ச்சல் வந்துச்சே சார், அப்ப நீங்க வராத நாளெல்லாம் அவங்களும் படுத்தே இருந்திருக்காங்க."

ஏசி இயந்திரம் ஒருமுறை இருமிவிட்டு ஓடத் தொடங்கியது. வெளியே மருதமலைப் பக்கம் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. குழந்தைவேல் திரையைப் பார்த்தான். பச்சைக் கோடு சமமாக இருந்தது. ஜெசிந்தா இப்போது மேசையருகே உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று அது சொன்னது. அவனும் மேசையருகே உட்கார்ந்து எழுதிக்கொண்டுதான் இருந்தான்.

நடந்தது மிக எளியது. இரவு முழுக்க ஓசை கிடைக்காததால், காலையில் ஃபில்டரை மறுபடி ஓட்டும்போது ஒரு தொடக்க ஊகம் கொடுக்க வேண்டும்: அவள் இப்போது என்ன செய்துகொண்டிருப்பாள்? முதலில் முந்தைய நாள் அளவுகளைப் பார்த்துத்தான் அவன் அதைக் கொடுத்தான். செப்டம்பரில் கலம் சூரியனுக்கு மிக அருகே தெரிந்தபோது ஓசையில் இரைச்சல் ஏறியது. தாறுமாறான அளவுகள் உள்ளே வராமலிருக்க கேட்டை இறுக்கினான். ஊகத்தையும் கையாலேயே தட்டினான், இந்நேரம் எழுந்திருப்பாள் என்று. கலம் சூரியனை விட்டு விலகிய பிறகும் கேட்டைத் தளர்த்த மறந்துவிட்டான். அதன்பின் அவன் எழுந்தபோது எழுந்து, அவன் உட்கார்ந்தபோது உட்கார்ந்த அளவுகள் மட்டுமே உள்ளே வந்தன. மற்றதெல்லாம் குப்பைக்குப் போனது. குப்பையை யாரும் பார்க்கவில்லை.

"எந்திரிச்சிட்டாங்க, எந்திரிச்சிட்டாங்கன்னு" என்றான் மெதுவாக, "நான் எந்திரிச்சத எனக்கே சொல்லிட்டு இருந்திருக்கேன்."

நஸ்ரின் தலை நிமிரவில்லை. "கேட்டத் தொறந்து மொதல்ல இருந்து ஓட்டிப் பாக்கட்டுங்களா சார்?"

அவனுக்கு வேண்டாம் என்று சொல்லத் தோன்றியது. மூன்று மாதம் தன்னோடு இருந்த ஒருத்தியை அந்தக் கேள்வி அறையிலிருந்து அனுப்பப் பார்த்தது. திறந்தால் உள்ளே யாருமே இல்லாமல் இருக்கலாம்.

"தொற" என்றான்.

கணினி ஓடி முடிக்க நேரம் எடுத்தது. முதலில் மாறியது நாரையின் இடம். இதுவரை அவர்கள் பெங்களூருக்குச் சொல்லிவந்த இடத்திலிருந்து அது பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளிப் போய் நின்றது. இந்த அறிக்கையை நம்பிப் புறப்பட்டிருந்தால் அந்த இருவரும் வெற்று இருட்டில் போய்ச் சேர்ந்திருப்பார்கள். அதை இருவருமே பார்த்தார்கள்.

பிறகு அசைவுகள். அவனுக்குத் தெரியாத ஒருத்தி அங்கே இருந்தாள். நம் பகல் முழுக்கச் சில நாட்களில் தூங்கினாள். சில நாட்களில் மணிக்கணக்காகச் சுவருக்குச் சுவர் அலைந்தாள். உடற்பயிற்சி எப்போதோ நின்றுபோயிருந்தது. வரவர எல்லாம் குறைந்துகொண்டே வந்து, கடைசி இரண்டு வாரத்தில் இரைச்சலா அசைவா என்று பிரிக்க முடியாத அளவுக்கு மங்கியது.

ஒன்று மட்டும் மங்கவில்லை. நஸ்ரின் ஒவ்வொரு நாளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வரிசைப்படுத்தியபோது நடுவில் செங்குத்தாக ஒரு கோடு எழுந்து நின்றது.

"இதென்ன சார்? அனேகமா தினமும் ஒரே நேரத்துக்கு டக்கு டக்குன்னு வருது. ஏதாவது பம்பா இருக்கும். பன்னெண்டே முக்காலுக்கு."

குழந்தைவேல் நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துக்கொண்டான்.

"சத்தம் இங்க வந்து சேர்ற நேரத்தக் கழிச்சியா?"

"கழிச்சா ஒரே நேரமா நிக்க மாட்டேங்குது சார். கப்பல் கிட்ட வர வர அங்க இருந்து கிளம்பற நேரம் தினமும் கொஞ்சம் தள்ளிப் போகுது. இங்க வந்து சேர்றதுதான் கரெக்டா பன்னெண்டே முக்கால். பம்புக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாதே..." அவள் நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள். மேசை ஓரத்தில் அவனுடைய டிபன் பாக்ஸ் இருந்தது.

அந்த நேரத்தில் ஜெசிந்தா அசையாமல் இருப்பாள் என்றுதான் அவன் எப்போதும் கணினியில் தட்டியிருந்தான். அவன் அப்போது சாப்பிட்டுக்கொண்டிருப்பான்.

ஹேமலதா எல்லாவற்றையும் நின்றுகொண்டே கேட்டார். மூன்று மாதமாக அனுப்பியதெல்லாம் தவறு என்று குழந்தைவேல் சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஞாயித்துக்கிழமை இந்தத் தட்டல் வருதுங்களா?" என்றார்.

"இல்லைங்க மேடம்" என்றாள் நஸ்ரின். "ஞாயிறு ஒண்ணுகூட இல்ல. ஆயுத பூஜைக்கும் இல்ல, தீபாவளிக்கும் இல்ல. அதான் மேடம் ஆதாரம். எந்த மிஷினுக்கு ஞாயித்துக்கிழமை தெரியும்?"

"கேன்டீன் மைக்ரோவேவுக்குத் தெரியும்."

நஸ்ரினின் முகம் அப்படியே நின்றது.

"நம்ம ஆன்டெனாவுக்கும் கேன்டீனுக்கும் நடுவுல ஒரு வேப்பமரம்தான் இருக்குது. பன்னெண்டே முக்காலுக்குக் கூட்டம் வரும், புரோட்டா சுட வைப்பான். ஞாயிறு லீவு, பூஜைக்கு லீவு. இங்கத்த கடியாரப்படி கரெக்டா வருதுன்னா இங்கயே கிளம்பற சத்தமா இருக்கலாமல்லொ? பெங்களூர்ல இதத்தான் முதல்ல கேப்பாங்க." அவர் குரல் தணிந்தது. "வேலு, எனக்கும் அவ இருக்கணும்னுதான் ஆசை. ஆசைய வெச்சுக் கையெழுத்துப் போட்டா, நீங்க செஞ்சதத்தான நானும் செய்யறேன்?"

தாழ்வாரத்தில் யாரோ மாணவர்கள் சிரித்தபடி கடந்து போனார்கள். ஜெசிந்தா இருந்தால் இந்த இடத்தில் என்ன செய்வாள் என்று குழந்தைவேல் யோசித்தான். டீ சொல்லியிருப்பாள். குப்பையை மறுபடி முதலிலிருந்து படித்திருப்பாள். இங்கே நடந்து, அவளுக்குத் தெரிய வாய்ப்பே இல்லாத ஏதாவது ஒரு நாள் இருக்கிறதா என்று தேடியிருப்பாள்.

அவன் நிமிர்ந்தான்.

"மேடம், நவம்பர்ல மழைக்கு லீவு விட்டாங்களே."

"எப்ப?"

"காலைல ஆறு மணிக்கு மேல கலெக்டர் திடீர்னு சொன்னாருங்களே, நொய்யல்ல தண்ணி வந்தப்ப. பஸ் இல்ல. கேன்டீன் பூட்டித்தான் கெடந்துச்சு. குவார்ட்டர்ஸ்ல இருந்து நான் நனைஞ்சுட்டு வந்து பிஸ்கட் தின்னுட்டு உக்காந்திருந்தேன். காலண்டர்ல இல்லாத லீவு மேடம். அது அவங்களுக்குத் தெரியாது. அன்னைக்கும் தட்டல் வந்திருந்தா அது மைக்ரோவேவ் இல்ல."

நஸ்ரினின் விரல்கள் அதற்குள் ஓடத் தொடங்கியிருந்தன. அந்த நாளின் குப்பை திறந்தது. மழை இரைச்சலில் கோடு முழுக்கச் சிலிர்த்துக்கொண்டு இருந்தது. நஸ்ரின் அதைப் பன்னிரண்டே முக்கால்வரை நகர்த்தினாள்.

மேலே, கீழே. மேலே, கீழே. மேலே, கீழே.

ஹேமலதா கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்கு மிக அருகே குனிந்தார். நிமிர்ந்தபோது அவர் யாரையும் பார்க்கவில்லை. "மூணு" என்றார். "நேத்து எத்தனை?"

"ரெண்டுங்க மேடம்" என்றாள் நஸ்ரின். "ரெண்டாவது ரொம்ப மெதுவா."

"அந்த மழை நாள அறிக்கைல முதல்ல வைங்க. பழைய அறிக்கை எல்லாம் தப்புன்னும் எழுதுங்க. என்ன தப்பு, யாரோட தப்புன்னு நானே சொல்லிக்கறேன். குழுவுக்குத் தலைவி நான்தான்." வாசலில் நின்று திரும்பினார். "ஜன்னலோரம் அந்த கீபோர்டெல்லாம் எடுத்துப் போடுங்க. உக்கார்ற சேர்ல என்ன குப்பை?"

வெள்ளிக்கிழமை பெங்களூரிலிருந்து ஒப்புதல் வந்தது. மீட்புக் கலம் போய்ச் சேரச் சில மாதங்கள் ஆகும். அதுவரை அவளுக்கு எதையும் சொல்ல வழியில்லை. யாரோ கேட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. ஆள் வருகிறது என்பது தெரியாது. எந்தப் பதிலும் வராத ஒரு கதவை அவள் இன்னும் பல நாட்கள் தட்ட வேண்டும், அல்லது தட்டுவதை நிறுத்தலாம்.

மறுநாள் சனிக்கிழமை குழந்தைவேல் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, சரியான நேரத்துக்கு டிபன் பாக்ஸைத் திறந்தான். கேட் அகலமாகத் திறந்திருந்தது. தொடக்க ஊகம் என்று அவன் எதையும் தட்டவில்லை. தெரியாது என்று விட்டிருந்தான். இரண்டு தட்டல்கள் வந்தன. இத்தனை காலம் அவளைத் தன்னைப் போலக் கணித்து வைத்திருந்தான். அவளோ அவனை அவனாகவே கணித்திருந்தாள். திங்கட்கிழமை குப்பையைப் பார்ப்பார்கள் என்பது மட்டும்தான் அவள் கணக்கில் பிசகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமையும் வந்தான். வரத் தேவையில்லை என்று நஸ்ரின் சொல்லியிருந்தாள். "எல்லாம் தானா பதிவாகும் சார், நீங்க ரெஸ்ட் எடுங்க." கலம் மௌனமான நாளிலிருந்து அவன் ஞாயிற்றுக்கிழமைகளிலும், இரண்டு மணி நேரம் தாமதமாகவாவது, இங்கே வந்துகொண்டிருக்கிறான் என்பது ஜெசிந்தாவுக்குத் தெரியாது. அவள் இருந்த காலத்தில் ஞாயிறன்று இந்த அறை பூட்டியே கிடக்கும். அவளைப் பொறுத்தவரை இன்றும் இங்கே யாரும் இல்லை.

ஜன்னலோர நாற்காலி காலியாக, துடைத்து வைக்கப்பட்டிருந்தது. பன்னிரண்டே முக்காலுக்கு அவன் டப்பாவைத் திறந்தான். காலியான அறையில் மூடியின் சத்தம் பெரிதாகக் கேட்டது.

திரையில் கோடு சமமாக ஓடியது. எதுவும் வரவில்லை.

அவன் சாப்பிட ஆரம்பித்தான். நாளைக்கு நான்கு டீ சொல்ல வேண்டும்.